புல்கட்டுக்குள் போன சட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஊரில் அரிவாளோடு நாள் முழுக்கப் புல்லறுத்தவன் நான். இங்கே அறுப்பது, உலர்த்துவது, கட்டுவது எல்லாம் இயந்திரம். கயிறு தீர்ந்தால் மாட்டுவது மட்டும்தான் என் வேலை. நேற்று வெயில் தாங்காமல் கழற்றிப் போட்ட சட்டையையும் அது புல்லோடு சுருட்டிக் கட்டிவிட்டது. கையால் கட்டியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

"நானூறு கட்டு கிடக்கு, எதைன்னு பிரிப்ப? சட்டைதானே, விடுப்பா" என்று இயந்திரம் ஓட்டுபவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். சட்டைப்பையில் பாப்பாவின் படம் இருந்தது.

வேறு படம் அனுப்பு. இப்போது நடக்கிறாளாமே, நிற்கவைத்து எடு.

காலையில் லாரிகள் கட்டுகளை ஏற்றிப் போயின. எதில் அவள் என்று தெரியாததால் எல்லா லாரிக்கும் கையாட்டினேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா