யார் சாப்பாட்டுக்கு முன்னால்

பெரியவனின் அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? சமையல் வேலைக்கு வந்த இந்த வீட்டில் நான் நலம், பயப்பட ஒன்றுமில்லை.

நெஞ்செரிச்சலுக்கு டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை, அவர் சொன்னபடி சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் ஒரு மாதம் போட்டேன். எரிச்சல் அடங்கவில்லை. மறுபடி போனேன்.

"எத்தனை மணிக்குப் போடறீங்க?"

"காலையில ஏழரைக்கு. வீட்டுக்காரங்க எட்டு மணிக்குச் சாப்பிடுவாங்க."

"நீங்க?"

"பாத்திரமெல்லாம் கழுவிட்டுப் பதினோரு மணிக்கு."

"நான் உங்க சாப்பாட்டைச் சொன்னேம்மா."

எனக்கென்று ஒரு சாப்பாட்டு வேளை உண்டென்று என் அறுபதாவது வயதில் வேறொருத்தி சொல்ல வேண்டியிருக்கிறது. "சமைக்கிறவளுக்கு வாசனையிலேயே வயிறு நிறையும்" என்று உங்கள் அம்மா சொன்னதும், நீங்கள் சிரித்ததும் மறக்கவில்லை.

இப்போது எட்டு மணிக்கு நானும் சாப்பிடுகிறேன். வீட்டுக்காரம்மா முகம் சுளிக்கிறாள், சுளிக்கட்டும்.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல இங்கே ஆளில்லை.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். நான் திரும்பி வந்தாலும் முதல் பந்தி எனக்குத்தான். நீங்கள் பரிமாறப் பழகிக்கொள்ளுங்கள்.

பெரியவனின் அம்மா