சும்மா நிற்கும்போது என்ன தரும்?

மச்சான்,

நம்முடைய காரிலிருந்து கழற்றிய, பற்றரிக்கு மின்சாரம் ஊட்டும் ஓல்டனேட்டர் என் பட்டறை மேசையில் கிடக்கிறது. கார் ஓடாமல் நின்ற இரண்டு வருஷ உப்புக் காற்றில் பொனட் துருவேறி, கதவுப் பிடி பொரிந்து, பின் ஆசனத்துக்குள் எலி குட்டி போட்டிருந்தது. இந்தச் சாமானில் மட்டும் ஒரு புள்ளித் துரு இல்லை. வாகனத்துக்குப் பெயின்ற் அடிப்பிக்க வருகிறவர்கள் இதைக் கையில் எடுத்துப் பார்த்து, விற்கிறாயா என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லி வாங்கி வைத்துவிடுகிறேன்.

செங்கலடியில் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் கோழிகள் அடைந்துகொண்டிருந்த அந்த மோரிஸ் மைனர் காரை நாம் இழுத்து வந்தது உனக்கும் என் தங்கச்சிக்கும் கலியாணமான வருஷம். நீ வயல் வட்டைகள்தோறும் போய்த் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். நான் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். ஒரு ஜப்பான் காரின் பெரிய என்ஜினை நீ அதற்குள் இறக்கினாய். நான் ஏழு தரம் தேய்த்துச் சிவப்பு அடித்தேன். உன் வேலை பொனட்டுக்குள்ளே, என் வேலை வெளியே. அப்படியே விட்டிருந்தால் இந்த மடலுக்குத் தேவை வந்திராது.

பழைய டைனமோ அந்த என்ஜினுக்குப் போதவில்லை. மின்சாரத்தில் ஓடும் பெற்றோல் பம்பு, ரேடியேட்டர் விசிறி, பெரிய முன்விளக்குகள் எல்லாவற்றுக்கும் தீனி போட்டு, பற்றரியையும் நிரப்ப ஒரு நல்ல ஓல்டனேட்டர் வேண்டும் என்றாய். ஏறாவூரில் உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். கடைக்கார முஸ்லிம் அண்ணர், நாம் காக்கா என்று அழைப்பவர், இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று இது, கண்ணாடி போல வெள்ளிப் பூச்சும் உச்சியில் பெரிய அம்பியர் எண்ணுமாக. மற்றது ஏதோ வான் வண்டியிலிருந்து கழற்றிய, எண்ணெய் பிடித்த கறுப்புச் சாமான்.

"ஓடக்குள்ள எவ்வளவு தரும் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. சும்மா நிக்கக்குள்ள என்ன தரும், காக்கா?" என்று நீ கேட்டாய்.

வெள்ளிப் பூச்சு வேகத்தில்தான் நன்றாகத் தரும், கார் நின்றபடி என்ஜின் மெல்ல ஓடும்போது கொஞ்சம் குறைவு, கறுப்பு நின்றாலும் ஓடினாலும் தரும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். நீ கறுப்பைத் தூக்கினாய். நான் உன் கையைப் பிடித்தேன்.

"சித்திரைக்குப் பொனட்டத் திறந்து வைக்கப் போறம் மச்சான். இந்தக் கரிச்சட்டியயா சனத்துக்குக் காட்டுற?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "சரி, உன்ட ஆசைக்கு வை. மறுகா மாத்துவம்" என்றாய். சண்டை பிடித்திருக்கலாம் நீ. என்னை அறைந்திருந்தாலும் இன்று சந்தோஷப்படுவேன்.

களுதாவளைப் பிள்ளையார் கோயில் முன்னால் காருக்குப் பூசை வைத்த காலை ஞாபகம் இருக்கிறதா? நான்கு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து, மாலை போட்டு, என்ஜினை ஓடவிட்டு, முன்விளக்கையும் போட்டுவிட்டு நின்றோம். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல விளக்கு மங்கிக்கொண்டே போனது. நீ அதைப் பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். உடனே உள்ளே எட்டி அக்சிலேட்டரை அழுத்தினேன். விளக்கு பளீரென்று எரிந்தது. கூடிநின்ற சனம் கைதட்டியது, அதே நேரம் தேங்காயும் உடைந்தது. பிள்ளையாருக்கு முன்னாலேயே எச்சரிக்கை வந்தும், நான் அதை ஒரு வாணவேடிக்கை ஆக்கிவிட்டேன். "மறுகா மாத்துவம்" என்று அன்றும் சொன்னாய். அந்தப் பிறகு வரவேயில்லை; அறுவடை வந்தது, பம்பு வேலை வந்தது, எனக்கு ஒரு பஸ் பெயின்ற் அடிக்கக் கிடைத்தது.

கார்த்திகை மழையில் ஒரு பின்னேரம் நெஞ்சு நோகிறது என்று குந்தினாய். ரோட்டெல்லாம் வெள்ளம், அம்புலன்ஸ் வரச் சுணங்கும் என்றார்கள். வாசலில் நம்முடைய கார் நின்றது. தங்கச்சி பிள்ளையோடு வீட்டில் நிற்க, உன்னை முன் ஆசனத்தில் இருத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டேன். காத்தான்குடி தாண்டும்வரை வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தோம். கல்லடிப் பாலத்துக்கு முன்னால் மரம் விழுந்து வாகனங்கள் வரிசையாக நின்றன. விளக்கு, வைப்பர், விசிறி எல்லாம் போட்டபடி நாமும் நின்றோம். ஓர் அடி நகர்வதும் நிற்பதுமாக அரை மணித்தியாலம். பற்றரி மீற்றரின் முள் இறங்குவதை நீதான் முதலில் கண்டாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்து, விளக்கை நீயே அணைத்தாய். வைப்பரையும் நிறுத்தினாய். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அப்படியும் பெற்றோல் பம்புக்கு மின்சாரம் போதாமல் என்ஜின் விக்கி விக்கி நின்றுபோனது. சாவியைத் திருப்பினேன். டிக் என்றது. திரும்பவும் டிக் என்றது.

நான் அழுதேன் மச்சான். ஸ்டியரிங்கில் குத்திக் குத்தி அழுதேன். நீ என் முழங்கையைத் தொட்டாய்.

"மழதான்டா. வேற ஒண்டுமில்ல."

அதற்குப் பிறகு நீ கதைக்கவில்லை. முன்னால் நின்ற ஓட்டோவில் உன்னை ஏற்றி, மரத்தைச் சுற்றிப் பாலம் கடந்தபோது உன் கை குளிர்ந்திருந்தது. கார் நிற்காமல் ஓடியிருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமும் தங்கச்சியிடமும் நீ சொன்னதையே சொன்னேன். மழை, வெள்ளம், விழுந்த மரம். இரண்டு வருஷம் அந்த ஒரு சொல்லுக்குக் கீழே ஒதுங்கி நின்றேன்.

போன மாதம் தங்கச்சி வந்தாள். படிப்பிக்கிற அவளுக்குக் கல்லடிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது. கார் ஓட்டப் பழகியிருக்கிறாள். "அண்ணா, அவர்ர கார ஓட வைச்சுத் தாங்க. மழ செஞ்சதுக்கு கார் என்ன செய்யும்?" என்றாள். மாரி மழை தொடங்க இருந்தது. அதே ரோட்டில், அதே பாலத்தடியில் அவள் நிற்கப் போகிறாள்.

ஏறாவூருக்குப் போனேன். "சும்மா நிக்கக்குள்ள என்ன தரும், காக்கா?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களோட வந்த மெலிஞ்ச தம்பி எங்க?" என்றார். நீ செத்துப்போனதைச் சொன்னேன். உள்ளே போய், எண்ணெய் பிடித்த கறுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். துரு தேய்த்து, எலிக்கூட்டை எடுத்து, புதுப் பற்றரி வைத்தபின் அதைப் பூட்டி, தடித்த வயர் இழுத்து, விளக்கு, வைப்பர், விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஒரு மணித்தியாலம் காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். முள் அசையவில்லை. ஓல்டனேட்டர் மாற்ற இவ்வளவுதான் வேலை, மச்சான். ஒரு பகல் வேலை.

கார் எடுக்க வந்தவள் ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கடை, வெள்ளிப் பூச்சு, பூசையில் மங்கிய விளக்கு. அவள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா, இதாலதான் கார் நிண்டது எண்டு?"

"ஓம். தெரியும்."

"அப்ப மழ எண்டு ஆரு சொன்ன?"

"அவன்தான் புள்ள."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் தோளைத் தொடப் போனேன். "கதவச் சாத்துங்க அண்ணா" என்றாள். சாத்தினேன். போய்விட்டாள். மூன்று கிழமையாக ஒரு கதை பேச்சு இல்லை. பிள்ளையையும் என்னிடம் அனுப்புவதில்லை.

நேற்று நல்ல மழை. காலையில் என் பட்டறைக்கு முன்னால் வாகனங்கள் நெரிந்து நின்றன. நடுவில் விளக்கும் வைப்பரும் போட்டபடி நம்முடைய சிவப்புக் காரும் நின்றது. நான் வாசலில் நனைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணித்தியாலம் தங்கச்சி அப்படியே நின்றாள். ஒரு தரம்கூட என் பக்கம் திரும்பவில்லை.

விளக்கு மங்கவில்லை, மச்சான்.