தெருவுக்குக் கேட்காமல் போன அம்மா குரல்

பிள்ளையார்பாளையம்
திங்கட்கிழமை

அன்பு மகள் சுகாசினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, மற்றபடி இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளை விமல்ராஜும் வெலிங்டன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். இந்த வாரம் நடந்ததைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

பதிவு செய்த பாட்டைச் சீராக்கும் மிக்ஸிங், மாஸ்டரிங் வேலையை நான் வீட்டிலேயே கற்றுக்கொள்வது உனக்குத் தெரியும். நம் தெரு அம்மன் கோயில் ஆடிக் கூழுக்கு இந்த வருடம் அம்மாவின் பாட்டுக் குழுவே ஒரு பாட்டுக் கட்டியது. சென்னை ஸ்டுடியோவுக்குப் போக அவர்களுக்கு வசதி இல்லை, நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ விட்டுப்போன லேப்டாப், இலவச மென்பொருள், அம்மாவின் செல்போனே மைக். அறை எதிரொலிக்கிறதே என்று முதலில் அம்மாவின் பட்டுப் புடவைகளைக் கொடி கட்டித் தொங்கவிட்டேன், பார்க்க அழகாக இருந்ததே தவிர எதிரொலி அப்படியே இருந்தது. இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் சாய்த்த பிறகுதான் அடங்கியது. பக்கத்து வீட்டுத் தறி சாப்பாட்டு வேளையில்தான் நிற்கும் என்பதால் ஐந்து பெண்களும் பசியோடு பாடினார்கள்.

உனக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். மிக்ஸிங் என்பது பிள்ளைகளை வகுப்பில் இடம் பார்த்து உட்கார வைப்பது. மாஸ்டரிங் என்பது கடைசியில் எல்லோரையும் நிறுத்திப் புகைப்படம் எடுப்பது, படச்சட்டம் நிறைய வேண்டும், யார் தலையும் வெட்டுப்படக் கூடாது. இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட நான் செய்த வேலையைக் கேள். குரல்களை இடம் வலமாகப் பிரித்தால் தெளிவாகக் கேட்கும் என்று பாடத்தில் சொல்லியிருந்தது. வாத்தியார் புத்தி, ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம் பெண்பிள்ளைகள் ஒரு பக்கம் உட்கார வைத்த பழக்கம். முன்னால் பாடும் அம்மாவை முழுக்க இடப்பக்கமும், திருப்பிப் பாடும் நால்வரை முழுக்க வலப்பக்கமும் வைத்துவிட்டேன். ஹெட்போனில் கேட்டால் அவ்வளவு துல்லியம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் மைக்செட் தணிகாசலம் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நால்வரும் தாயே வாம்மா என்று பாடினார்கள். மறுபடி ஒன்றும் இல்லை. மறுபடி தாயே வாம்மா. அம்மா குரல் ஒரு எழுத்துக்கூட வரவில்லை. "இன்னா சார், கேள்வியே கேக்காம பசங்க பதில் சொல்லிக்கினு இருக்குது" என்று எதிர்வீட்டுப் பையன் தனுஷ் சொல்ல, தெருவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அதுதான் தப்பாகப் போயிற்று.

அம்மாவுக்குக் கட்டைக் குரல் என்று எத்தனையோ வருடமாகப் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள் என்பது உனக்குத் தெரியாததா. இந்த வருடம்தான் முதன்முதலாக முன்பாட்டு. வீட்டுக்கு வந்து தோசையைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னாள், "என் குரல் கட்டைன்னு எனக்குத் தெரியாதா. கொறைச்சிருந்தா கூட பரவால்ல, மொத்தமா தொடைச்சிட்டீங்களே." ஹெட்போனை நீட்டினேன். "என் காதுல மட்டும் கேட்டா போதுமா, தெருவுக்குக் கேக்க வேணாமா" என்று தள்ளிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூழுக்கே வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். தோசையை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன் அம்மாடி.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மைக்செட்டைப் போய்ப் பார்த்தேன். லேப்டாப்பிலிருந்து போகும் இரண்டு ஒயரில் வலப்பக்கத்து ஒயர் மட்டும் செருகியிருந்தது, இடப்பக்கத்து ஒயர் சும்மா தொங்கியது. தணிகாசலத்தைக் கேட்டேன். "தெருவுக்கு எதுக்கு சார் ரெண்டு ஒயரு, எல்லாரும் ஒண்ணுதான் குத்துவோம்" என்று சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பாட்டு எங்கே ஒலிக்கப் போகிறது என்று யோசிக்காமல் என் காதுக்கு மட்டும் செய்திருந்தேன். வீட்டுக்கு வந்து, எந்த ஒயரைக் குத்தினாலும் கேட்கும்படி எல்லோரையும் நடுவில் கொண்டுவந்து, அம்மா குரலில் சொல்லைத் தெளிவாக்கும் ஒலிப்பகுதியைக் கொஞ்சம் தூக்கினேன். இந்தத் தடவை ஹெட்போனில் முடிக்கவில்லை, தணிகாசலத்தின் குழாயிலேயே ஓட்டிப் பார்த்துத் திருத்தினேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். தெருமுனையிலிருந்து அவள் குரல் வந்து வாசலைத் தாண்டியது. கேழ்வரகு மாவு எடுத்துவரச் சொன்னாள், கூழுக்கு.

நேற்றுக் கோயில் வாசலில் கரண்டியோடு நின்றாள். பாட்டு மறுபடி மறுபடி ஓடியது, தனுஷ் சொம்பை நீட்டி "நீதான் பாடறியாமா, நான் யாரோ பெரிய பாட்டுக்காரின்னு நெனச்சேன்" என்றான், அவனுக்கு மட்டும் இன்னொரு கரண்டி விழுந்தது. ராத்திரி நான் லேப்டாப்பை மூடப் போனபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் என்னைக் கொறைங்க, கூடப் பாடுற கங்கையம்மா பாவம், அவ குரல் கேக்கவே இல்ல" என்றாள். அந்த ஒரு வேலைதான் பாக்கி இருந்தது, இன்று காலை முடித்துவிட்டேன். பாட்டு உன் செல்போனுக்கு வந்திருக்கும்.

வேலைக்கு நடந்து போகும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளாதே, வண்டி வருவது கேட்காது. இந்தப் பாட்டுக்கு ஒரு காதே போதும் கண்ணு, அம்மா முழுசாக வருவாள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கம்பளிச் சட்டையை மறக்காதீர்கள். இருவருக்கும் எங்கள் மனமார்ந்த ஆசிகள், அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
தர்மன்