பிரேசர் டவுனில் உடைந்த ஏரி

இப்போது எனக்கும் மேல்வீட்டில் குடியேறிவிட்ட ரோசலி அக்காவுக்கு,

நலம்தானே என்று உங்களைக் கேட்க முடியாது. ஆனாலும் கை அதைத்தான் முதலில் எழுதப் பார்க்கிறது. நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. கீழ்வீட்டுத் தையல் மிஷின் சத்தம் நின்றதிலிருந்து காலையில் எழுந்திருக்க நான் அலாரம் கடிகாரம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் மீன்தொட்டிக் கதையை இந்தத் தெருவில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிப்புக்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து அந்தத் தொட்டியை நானே செய்தேன். தண்ணீர் கசியாமலிருக்க மூலை இடுக்குகளை அடைத்து மக்கு பூசினேன். "மூணு வாரமாவது காயணும் ஸார்" என்றார் சட்டம் அடித்துக் கொடுத்தவர். நான்காம் நாளே தண்ணீர் ஊற்றி நான்கு தங்கமீன்களை விட்டுவிட்டேன். காயாத மக்கு ஒன்று மூலையில் இருந்தது. இன்னொன்று நாற்காலியில் உட்கார்ந்து மீன்களை ரசித்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாளில் நீங்கள் படியேறி வந்தீர்கள். "தம்பி, கூரைப் பலகை வழியா என் மேஜை மேல சொட்டுது. கொஞ்சம் பாரேன்."

"கண்ணாடி வேர்க்குதுக்கா. இந்தக் குளிருக்கு அப்படித்தான்" என்றேன். எழுந்துகூடப் பார்க்கவில்லை. தந்தி ஆபீஸ் கிளார்க்கான நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினீர்களா, மரியாதைக்குத் திரும்பிப் போனீர்களா? சொட்டுக்குக் கீழே ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுத் தையலைத் தொடர்ந்தீர்கள்.

அதற்கு மூன்றாம் நாள் நானும் என் மனைவியும் வெளியே போயிருந்த மத்தியானம் தொட்டியின் மூலை விட்டுப்போனது. உங்கள் மேஜையில் ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளை சாட்டின் கவுன் விரித்திருந்தது. கல்யாணத்துக்குப் பத்தே நாள். கூரைப் பலகையிலிருந்து தண்ணீர் கொட்டியதும் நீங்கள் என்ன ஆயிற்றோ என்று எங்கள் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஓடி வந்திருக்கிறீர்கள். தரையில் மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன. அடுப்படியிலிருந்த குண்டானில் தண்ணீர் மொண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினீர்கள். அதற்குள் கவுனின் முன்பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை.

வீடு திரும்பி இதைக் கேட்டதும், "துணியை முதல்ல எடுத்திருக்கலாமே அக்கா" என்றேன்.

"துணி மூச்சு வாங்கலையே தம்பி" என்றீர்கள். அந்தக் கவுன் போனால் அந்தக் குடும்பத்தின் தையல் மட்டுமல்ல, அவர்கள் சொல்லி வரும் மற்றவர்களின் தையலும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஒற்றை ஆளாக ஊசி பிடித்துப் பிழைத்தவர் நீங்கள்.

என்னிடம் வீட்டு இன்சூரன்ஸ் இருந்தது. தண்ணீர்த் தொட்டியோ குழாயோ திடீரென்று உடைந்தால் கீழ்வீட்டாருக்கு நேரும் சேதத்தையும் தருவதாகப் பத்திரத்தில் இருந்தது. என் இங்கிலீஷ் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் என்பது நீங்கள் அறிந்ததுதான். பிரேசர் டவுனில் இருக்கும் என் டாங்க் எந்த அறிகுறியும் இல்லாமல் உடைந்து வெள்ளம் புகுந்தது என்று கம்பெனிக்கு இங்கிலீஷில் வெளுத்துக் கட்டினேன். இந்த ஊரில் டாங்க் என்றால் ஏரி என்பது, எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மேகமே இல்லாத ஒரு பகலில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கையில் குடையுமாக இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். "ஏரி எங்கேம்மா?" என்று உங்களைக் கேட்டார்.

"மேல இருக்கு ஸார். பூட்ஸைக் கழட்டிட்டுப் படியேறிப் போங்க."

தெரு சொல்லும் கதை இதோடு முடிந்துவிடும்.

அவர் சிரித்து முடித்து, கூரையையும் கறையையும் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார். "இதுக்கு முன்னாடி கசிவு ஏதாச்சும் இருந்துதாம்மா?" இல்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் புது சாட்டின் வந்திருக்கும். ஆமாம் என்றிருந்தால் என் மானம் அங்கேயே போயிருக்கும். நீங்கள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, பக்கத்தில் நின்றிருந்த என்னைக் காட்டி, "அதை அவரையே கேளுங்க ஸார்" என்றீர்கள்.

அந்த ஒரு நிமிஷத்தை எனக்குக் கொடுத்தீர்களே, அதற்குத்தான் அக்கா இந்தக் கடிதம். "மூணு நாளா சொட்டிச்சு ஸார். அக்கா சொன்னாங்க. நான்தான் பொருட்படுத்தல" என்றேன். அவர் நோட்டை மூடினார். அறிகுறி இருந்தால் இன்சூரன்ஸ் இல்லை.

அவர் போனதும் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அழுவுறதுக்கு நேரமில்ல. போய் இதே மாதிரி சாட்டின் வாங்கிட்டு வா" என்றீர்கள். வாங்கி வந்தேன். முன்பக்கத்தைப் பிரித்து மாற்றி, கல்யாணத்தன்று அந்தப் பெண்ணைக் கோயிலுக்கு அனுப்பினீர்கள். கறைபட்ட துணியை ஓரம் மடித்துத் தைத்து, பிறகு நான் செய்த புதுத் தொட்டிக்கு மூடுதுணியாகத் தந்தீர்கள். ஒரு நாள்கூடக் குத்திக்காட்டியதில்லை.

இப்போது கீழே ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். உங்கள் மேஜை இருந்த இடத்தில் குழந்தைக்குத் தூளி கட்டியிருக்கிறார்கள். போன வாரம் தொட்டியின் அடியில் ஒரு சொட்டு தொங்கியது. "வேர்த்திருக்கும், விடுங்க" என்றாள் என் மனைவி. நான் செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். கதவு திறந்ததும் "அக்கா" என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிவிட்டு, "என் தொட்டி கசியுதும்மா, தூளியைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டுங்க" என்றேன்.

மீன்கள் இப்போது அதே குண்டானில் இருக்கின்றன. மக்கு பூசி ஆறு நாள்தான் ஆகிறது. மூன்று வாரமும் காத்திருப்பேன். இனி எந்தச் சொட்டையும் வேர்வை என்று சொல்ல மாட்டேன், அக்கா. இது உறுதி.

இப்போது உங்கள் கீழ்வீட்டுத் தம்பியாகிவிட்ட,
சூசை