குழாய்க்கு ஓர் ஓட்டை

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகன் எழுதுகிறேன். நான் சுகம்தான். உன் இருமல் எப்படி இருக்கிறது? எங்கள் பட்டறையில் செய்த புகைபோக்கி அடுப்பை ஆசையாக அனுப்பினேன். நீ அதன்மேல் உப்பு ஜாடியை ஏற்றிவிட்டு, பழைய விறகடுப்பையே ஊதிக்கொண்டிருக்கிறாயாம். தங்கை சொன்னாள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. வேலை முடிந்ததும் எங்கள் அறையை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள், எங்கள் பத்திரத்துக்காம். உள்ளே சமைக்கவும் கூடாது. கடைச் சோறு கட்டுப்படியாகாமல், புகை வெளியே தெரியாதபடி ஜன்னல் இடுக்கில் சாக்கை அடைத்துக் கரியடுப்பு மூட்டினோம். கிறுகிறுத்து அறையிலிருந்த மூன்று பேரும் சாய்ந்துவிட்டோம். இரவு வேலையில் இருந்த வெல்டர் அண்ணன்தான் சத்தம் கேட்டுப் பூட்டை உடைத்து வெளியே இழுத்துப் போட்டார். சோறு மட்டும் பதமாக வெந்திருந்தது.

இப்போது இன்னும் பெரிய பூட்டு போட்டிருக்கிறார்கள்.

மேஸ்திரியிடம், "நாம செய்ற அடுப்புல ஒண்ணு எங்க ரூமுக்கும் வைங்கண்ணே" என்று கேட்டேன்.

"குழாய்க்குச் சுவத்துல ஓட்டை போடணுமே! ஓட்டை போட்டா நீங்க ஓடிருவீங்க" என்றார்.

அந்தக் குழாயில் என் தலைகூட நுழையாது அம்மா.

சட்டி இறக்கப் பிடிதுணி இல்லை. உன் பழைய புடவையில் கொஞ்சம் கிழித்து அனுப்பு. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பூட்ட வருகிறார்கள், முடிக்கிறேன். ஜாடியை இறக்கிவிட்டு அந்த அடுப்பை மூட்டு. அங்கே புகையாவது வெளியே போகட்டும்.