சுடர்விழி சொன்ன பெயர்

மார்ச் 10, செவ்வாய்
வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடையின் மேல்மாடி ஒழிப்பு. வாடகைக்கு விட வேண்டும். வீடியோ காலத்துப் பெட்டிகள் பதினொன்று. எலிப்புழுக்கை. பழசை ஏற்ற லோரி வியாழன் வரும்.

பதினோரு மணிக்கு ஒரு பெண். மலர், நாதன் மகள். நாதன் என் வீடியோ கம்பெனியில் பங்காளி. சண்டை போட்டுப் பிரிந்தான். அடுத்த வருடமே சுங்கை பாக்காப் சாலையில் மோட்டார் விபத்தில் போய்விட்டான். இவள் அப்போது கைக்குழந்தை.

கைபேசியை நீட்டினாள். பழைய வீடியோ கம்பெனிகளின் லோகோக்களை யாரோ இன்டர்நெட்டில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எங்களுடையதும். இருட்டில் தங்க வளையம் சுற்றும். நடுவில் ஒரு கண் மெல்லத் திறக்கும். “சுடர்விழி வீடியோ, பினாங்கு.” பிள்ளைகள் நாற்காலிக்குப் பின்னால் ஒளிவார்கள். நாதன் கண் அது.

“கண்ணு, குரல் ரெண்டுமே அப்பாதுன்னு அம்மா சொன்னாங்க. ஆனா இது உங்க குரல் மாதிரி இருக்கே, அங்கிள்?”

“என்னுதுதாம்மா.”

“அப்பா பேசினது?”

“பூஞ்சை புடிச்சுப் போச்சு.”

பொய். அவன் பிரிந்த வாரம், நகல்களுக்கெல்லாம் மூலமான மாஸ்டர் டேப்பில் அவன் குரல்மேல் என் குரலைப் பதிந்தேன். கண்ணை மாற்றினால் செலவு. குரலுக்கு இல்லை.

“அப்பா குரல நான் கேட்டதே இல்ல லா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மார்ச் 11, புதன்
மாஸ்டர் டேப் ஆறாவது பெட்டியில். சின்ன வீடியோ டெக்கில் போட்டேன். கண் திறந்தது. என் குரல். சரி.

பிறகு நாதன் சிங்கப்பூரில் வாங்கிய பெரிய டெக். ஹெட்டைத் துடைத்து, அதே டேப். கண் திறந்தது.

நாதன் பேசினான்.

மணி மூன்று, பட்டப்பகல். கீழே வாடிக்கையாளர் விலை கேட்கும் சத்தம். கம்பெனிப் பெயரைச் சொன்னதும் நிறுத்தி, திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன். சின்ன டெக்கில் மறுபடி: நான். கண் மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி பார்க்கிறது.

டெக்கின் வயரைப் பிடுங்கிவிட்டுக் கீழே இறங்கினேன்.

மார்ச் 12, வியாழன்
பிறை ஊரில் டெக் ரிப்பேர் பார்க்கும் மணியத்துக்குப் போன். சிரிக்கிறான்.

“பேயா? போங்கண்ணே. பெரிய டெக்கு சத்தத்த ரெண்டு எடத்துல பதியும். நீங்க அழிச்சது ஒண்ணுதான், சின்ன டெக்கு அத மட்டுந்தான் படிக்கும். இன்னொண்ணு படத்தோட ஒட்டிக் கெடக்கும், பெரிய டெக்கு அதத்தான் எடுக்கும். மிக்ஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கு பாருங்க, தட்டுனா ரெண்டும் கேக்கும்.”

அப்படியானால் இத்தனை வருடமும் என் குரலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறான். காரணம் தெரிந்தும் மாடிப்படி ஏறக் கால் வரவில்லை.

லோரி வந்தது. டேப்பையும் ஏற்றிவிடலாமா என்று ஒரு யோசனை. ஏற்றினால் பூஞ்சைக் கதையே நிலைத்துவிடும். ஏற்றவில்லை. மலரை சனிக்கிழமை வரச் சொன்னேன்.

மார்ச் 14, சனி
வந்ததும் சொன்னேன். “பூஞ்சை இல்லம்மா. நாந்தான் அழிச்சேன். கோவம்.”

என்னைப் பார்க்கவே இல்லை. “போடுங்க.”

கண் திறந்தது. நாதன் பெயர் சொன்னான். மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தடவை நிறுத்தவில்லை. நகல்களில் நாங்கள் வெட்டிவிடும் இடம் ஓடியது. அவன் குரல், பக்கத்தில் நிற்பது போல:

“அண்ணே, நல்லா வந்துச்சா?”

பிறகு வெறும் இரைச்சல்.

“அப்ப நீங்க அவருக்கு என்ன சொன்னீங்க?”

“ஞாபகமில்லம்மா.” உண்மை.

“இது என்ன, மிக்ஸா?” நான் தடுப்பதற்குள் சுவிட்சைத் தட்டி, டேப்பை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

டேப்பில் நாதனும் நானும் ஒரே வாயாகப் பெயர் சொன்னோம். நாதன்: “அண்ணே, நல்லா வந்துச்சா?” உடனே என் குரல். அந்தக் கோப வாரத்தில், தனியாக, திரையில் இருந்த கண்ணைப் பார்த்துச் சொன்னது. சொன்னதையே மறந்திருந்தேன்.

“போதும். போ.”

கண் மூடியது.

மலர் டேப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பெரிய டெக்கை நானே தூக்கிப் போய் அவள் காடியின் பின்சீட்டில் வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு
மாடி காலி. கூட்டியாயிற்று. கதவைச் சாத்திவிட்டு, வாய்விட்டே சொன்னேன்: “நல்லா வந்துச்சுடா, தம்பி.”

திரும்பக் கேட்டது. சாமான் இல்லாத அறை, எதிரொலிக்கும். அவ்வளவுதான்.