மீன் என்று எழுதிய என்வலப்

ஓகஸ்ட் 2, சனி

விடியவே மழை. வெள்ளவத்தை முழுக்க ஈரம். பல்கனியில் மூன்று நாள் உடுப்பு, காய்கிற எண்ணமே இல்லை.

இன்று முதல் ஒழுங்காகச் செலவழிப்பதாக முடிவு. (கலியாணமாகி இது நாலாவது முடிவு.) ஜூட் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்தார். சம்பளத்தைத் தனித்தனி என்வலப்பில் பிரித்து வைத்தால் கண்டபடி கைவைக்க மனம் வராதாம். புது என்வலப் வாங்குவதும் செலவுதானே. எங்கள் கலியாணத்துக்குக் காசு வைத்துத் தந்த என்வலப்புகள் பிஸ்கட் டின்னில் கிடந்தன. அதிலேயே பென்சிலால் எழுதினோம்: வாடகை. கரண்ட், தண்ணீர். மரக்கறி. மீன். பஸ். டீவி தவணை. கடைசியை எழுதும்போது ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

மீன் காசு அதற்குள் முடிந்தது. இனி முட்டை.

நாளை மறுநாள் ஷெரினின் கலியாணம், கொட்டாஞ்சேனையில். ஜூட்டின் சித்தப்பா மகள். எங்கள் கலியாணத்துக்குச் சித்தப்பா வைத்தது ஐம்பதாயிரம். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுத அவரிடம் கொப்பியே இருக்கிறது. எங்களால் ஒதுக்க முடிந்தது பத்தாயிரம். அம்மாவிடம் கேட்க வாய் வராது, ஏப்ரலில் வாங்கியதே கொடுக்கவில்லை. பெயர் எழுதாமல் வைப்போம், யாருக்கும் தெரியாது என்றார் ஜூட். சரி என்றேன். உடனேயே சரி என்றேன்.

ஓகஸ்ட் 9, சனி

சலூன் 6500. போகக் கார் 2100, வரக் கார் 2400. சித்தப்பா வீட்டாருக்கு முன்னால் பஸ்ஸில் போய் இறங்கமாட்டேன் என்றது நான். இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன். வைத்த காசைவிட எங்கள் கோலத்துக்கு ஆயிரம் கூட. வெட்கக்கேடு.

வெளிக்கிடும் அவசரத்தில் டின்னிலிருந்து பார்வைக்கு நல்ல என்வலப் ஒன்றை எடுத்து, காசை வைத்து ஒட்டிவிட்டேன். சித்தியின் கையில் கொடுத்தபோது வீடியோக்காரர் எடுத்தார். நன்றாகச் சிரித்திருப்பேன்.

பிரியாணி நல்லது. இரண்டாந்தரமும் போட்டேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். சித்தியிடமிருந்து கோல், லஞ்ச் நேரம். ஒஃபிஸ் படிக்கட்டில் நின்று கதைத்தேன். முதலில் ஷெரின் கதை. பிறகு மெதுவாக:

"பிள்ளை, வீட்டில மீன் வாங்கக் காசிருக்கோ?"

எனக்கு விளங்கவில்லை. அவதான் விளக்கினா. நாங்கள் வைத்தது, அவ எங்களுக்குத் தந்த அதே என்வலப். உள்மடிப்பில் அவவின் எழுத்து: ஜூட் மகனுக்கு, சித்தப்பா சித்தி. பின்பக்கம் பென்சிலில்: மீன்.

படிக்கட்டிலேயே குந்திவிட்டேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை சித்தி என்றேன். பொய், அதுவும் அழுகுரலில்.

வேலையால் வந்த ஜூட்டிடம் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் நிமிர்ந்தார். நேரில் போய் உள்ளதைச் சொல்வோம் என்றார்.

ஓகஸ்ட் 16, சனி

கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில், கோட்டையில் இறங்கி மாறி. வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தோம்: மன்னிப்புக் கேட்பது, மிச்சத்தை மாதம் ஐயாயிரமாய்த் தருவது.

சித்தி என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னா. என்வலப் பிரித்தது அவவாம், கொப்பியில் எழுதியது சித்தப்பாவாம்.

"நான் அம்பதெண்டு வாசிச்சிட்டன். மிச்சம் என்ர சீட்டுக் காசில வைச்சன். அவருக்குத் தெரிய வேண்டாம் பிள்ளை."

அந்தச் சீட்டு அவ பல்லுக் கட்டவென்று போட்டது. போன வருசமே எனக்குச் சொல்லியிருந்தா. காலில் விழவேண்டும் போல் இருந்தது. விழவில்லை. கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தேன்.

அங்கே சித்தப்பா, ஷெரின், மாப்பிள்ளை. சித்தப்பா நல்ல சந்தோசத்தில் இருந்தார். மாப்பிள்ளைக்கு எங்களைக் காட்டினார்.

"இவை ரெண்டு பேரையும் பாருங்கோ. வாடகை வீடு, சின்னச் சம்பளம். ஆனா வாங்கினதை ஒரு சதம் குறையாமத் திருப்பி வைச்சவை. காசு மிச்சம் பிடிக்கிறதெண்டா இவையிட்டக் கேட்டுப் பழகுங்கோ."

சித்தி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தா. ஜூட் நிலத்தைப் பார்த்தார். ஷெரின் என் பக்கத்தில் வந்திருந்து, எப்படி அண்ணி சமாளிக்கிறீங்கள் என்று உண்மையாகவே கேட்டாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

கேக்கை விழுங்கிவிட்டு, ஆடம்பரத்தைக் குறைத்தால் சரி என்று சொல்லிக்கொடுத்தேன்.